பல்லுக்கு அடியில் போகும் எலும்புத் தூள்: அன்றும் இன்றும்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவர், இனி இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று பல் மருத்துவரிடம் போகிறார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எலும்பு பத்தாதுங்க. கொஞ்சம் எலும்புப் பவுடர் வச்சுத்தான் திருகு போடணும்." பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைவது இயற்கை. பிடுங்கிய ஒரு வருஷத்துக்குள் அந்த எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்து முடிகிறது. டைட்டானியம் திருகு நிற்கப் பிடிமானம் வேண்டும், அதற்குத்தான் பவுடர்.

பவுடர் வரும் குப்பியில் இருப்பது அரை கிராமோ ஒரு கிராமோதான். கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள வெள்ளைத் துகள்கள். அது மாட்டெலும்பாக இருக்கலாம், பன்றி எலும்பாக இருக்கலாம், இறந்தவர் ஒருவரின் உடலிலிருந்து தானமாக வந்த எலும்பாக இருக்கலாம், உலையில் சுட்டெடுத்த செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டாகவும் இருக்கலாம். எதுவானாலும் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போன்ற வேலைதான் அதற்கு. உடம்பு தன் எலும்பைக் கட்டி எழுப்பும் வரை இடம் சரியாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தத் தூளை யார், எப்படிச் சோதித்தார்கள்? நூறு வருஷத்துக்கு முன் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், "இனிமேல்தான், உங்கள் உடம்பில்" என்பதாகத்தான் இருந்திருக்கும். இன்று ஒவ்வொரு தயாரிப்புக்குப் பின்னாலும் தடித்த கோப்பு ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்பு ஒரு கேள்விக்குத் தெளிவாகவும் இன்னொரு கேள்விக்கு அரைகுறையாகவும் பதில் சொல்கிறது. "கெடுதல் செய்யுமா?" என்பது முதல் கேள்வி. "எலும்பு வளருமா?" என்பது இரண்டாவது. அன்றைக்கு இரண்டாவதை மட்டுமே கேட்டார்கள். இன்றைய சோதனைக்கூடம் கெட்டிக்காரத்தனம் காட்டுவது முதலாவதில்.

நோயாளியே சோதனைக்கூடம்

எலும்பு ஒட்டுக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று செவிவழிச் செய்தி. ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கரென் எழுதி 1668-இல் வெளிவந்த நூலில், மண்டை உடைந்த ரஷ்யப் போர்வீரர் ஒருவருக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து அடைத்ததாக ஒரு செய்தி வருகிறது. காயம் ஆறிவிட்டது, ஆனால் மிருக எலும்பைத் தலையில் சுமந்தவரைத் திருச்சபை ஏற்க மறுத்தது என்று கதை போகிறது. மதம் கேட்ட கேள்வி பதிவாகியிருக்கிறது. மருத்துவம் கேட்க வேண்டிய கேள்விகள் அப்போது பிறக்கவே இல்லை.

1892-இல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பிப் பார்த்ததை வெளியிட்டார். சிலருக்குக் குழி மூடியது, சிலருக்கு மூடவில்லை. புண் ஆறினால் பொருள் நல்லது, சீழ் வைத்தால் பொருள் ஆகாது: அன்றைய தரச்சோதனை அவ்வளவுதான். இத்தனைக்கும் பிளாஸ்டர், அதாவது கால்சியம் சல்ஃபேட், மோசமான தேர்வு என்று சொல்லிவிட முடியாது; இன்றும் பல் மருத்துவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பொருள் அதேதான். அதைச் சுற்றி எழுந்த சோதனைகள்தான் புதியவை.

1920-இல் நியூயார்க்கின் ஃப்ரெட் ஆல்பீ தம் சகாவோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டை முயல்களின் எலும்புக் குறைகளில் வைத்துப் பார்த்தார். மனிதருக்கு முன் மிருகம் என்ற ஒழுங்கு இந்தத் துறைக்குள் நுழைந்தது இப்படிப்பட்ட முயற்சிகளால்தான். ஆனாலும் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் எந்தப் பொடியையும் நம்பவில்லை. நோயாளியின் இடுப்பிலிருந்தோ தாடையிலிருந்தோ அவருடைய எலும்பையே வெட்டி வைத்தார்கள். சொந்த எலும்புக்குச் சான்றிதழ் கேட்பார் இல்லை. உயிருள்ள செல்லும் வளர்ச்சிக் காரணிகளும் அதிலேயே இருக்கின்றன. அதற்குக் கொடுத்த விலை இரண்டாவது காயமும் இடுப்பு வலியும்.

எலியின் தசையில் எழுந்த எலும்பு

இன்றைய பல் இம்பிளான்ட் உலகத்துக்கு 1965 முக்கியமான வருஷம். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க், கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்தார். 2006-இல் லார்சன் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன. அதே 1965-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துக் கால்சியத்தை எல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சிய மெத்தென்ற பகுதியை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில் எலும்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் புது எலும்பு முளைத்திருந்தது. பக்கத்திலிருந்த எலும்பு வளர்ந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. எலும்பை வரவழைக்கும் ஏதோ ஒரு புரதம் அதில் இருக்க வேண்டும். பிற்பாடு பிஎம்பி என்று பெயர் பெற்றது அதுதான்.

யூரிஸ்டின் கண்டுபிடிப்பு ஒரு சோதனை முறையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பொருள் எலும்பை வரவழைக்குமா என்று தெரிய வேண்டுமா? எலியின் தசையில் வை. நான்கு வாரம் கழித்து வெட்டிப் பார். எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளில் இதே சோதனை இன்றும் நடக்கிறது.

அமிலத்தில் கால்சியம் நீக்கி, உறையவைத்து உலர்த்திய மனித எலும்புத் தூள் 1980, 90களில் ஈறு மருத்துவர்களின் கையில் சகஜமாகிவிட்டது. எலும்பு வங்கிகள் அனுப்பின, மருத்துவர்கள் வைத்தார்கள். யூரிஸ்ட் காட்டிவிட்டார், ஆகவே இதுவும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்வி ஷ்வார்ட்ஸ், பார்பரா போயான் குழுவினர் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். வெவ்வேறு வங்கிகள் விற்ற தூள்களை வாங்கிச் சுண்டெலித் தசையில் வைத்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். சில மாதிரிகளில் எலும்பு வந்தது. சிலவற்றில் பேருக்குத்தான் வந்தது. சிலவற்றில் வரவே இல்லை. வங்கிக்கு வங்கி மட்டுமல்ல, ஒரே வங்கியின் பேட்சுக்குப் பேட்சும் வித்தியாசப்பட்டது. கொடையாளரின் வயது ஏற ஏறத் தூளின் வீரியம் குறைகிறது என்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது.

லேபிளில் இருக்கும் பெயர் உள்ளே இருப்பதன் வீரியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர்களுக்கு உறைத்தது அப்போதுதான். ஒரு பொருள் வகையைச் சோதித்தால் போதாது, ஒவ்வொரு பேட்சையும் சோதிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் அதன் பிறகுதான்.

பயம் கற்றுக்கொடுத்தவை

இந்தத் துறையின் சோதனைப் பட்டியலில் பல வரிகளை எழுத வைத்தது பயம். 1985-இல் அமெரிக்காவில் இறந்த ஓர் இளைஞரின் உறுப்புகளும் திசுக்களும் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. எச்ஐவி எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்தச் சோதனை அந்த வருஷம்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அவருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். இல்லை என்றே முடிவு வந்தது. ஆனால் அவருக்குத் தொற்று புதிது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தோன்றும் அளவுக்கு நாள் ஆகியிருக்கவில்லை. உறுப்பு பெற்ற நான்கு பேருக்கும், பதப்படுத்தாமல் உறையவைத்த எலும்பைப் பெற்ற மூன்று பேருக்கும் தொற்றியது. 1992-இல் முழு விவரம் வெளியானபோது இன்னொன்றும் தெரிந்தது. அதே உடலிலிருந்து எடுத்து, கழுவி, உலர்த்தி, பதப்படுத்திய திசுக்களைப் பெற்றுப் பிறகு சோதிக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

அதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, ரத்தச் சோதனை இன்னும் கூர்மையாக வேண்டும். இன்று எதிர்ப்புப் பொருளுக்காகக் காத்திராமல் வைரஸின் மரபணுவையே தேடுகிறார்கள். கண்ணில் படாத அந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. இரண்டு, கொடையாளரைச் சோதிப்பது மட்டும் போதாது. தயாரிப்பு முறையையும் சோதிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பாடத்தை மாட்டெலும்பு இன்னும் அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிச் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டில் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பசை காய்ச்சிய குடும்பத் தொழிலில் தொடங்கியது. 1980களில் அது பயோ-ஆஸ் என்ற மாட்டெலும்புத் துகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல் இம்பிளான்ட் துறையில் அதிகம் ஆராயப்பட்ட ஒட்டுப்பொருள்களில் அது ஒன்று. அதே பத்தாண்டில்தான் பிரிட்டனில் பைத்தியப் பசு நோய் கண்டறியப்பட்டது. 1996-இல் அது மனிதருக்கும் வரக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டபோது, மாட்டெலும்பு என்ற வார்த்தையே நோயாளிகளைக் கலங்கடித்தது.

நோய்க்குக் காரணமான பிரையான் ஒரு புரதம். கிருமியைக் கொல்லும் வழக்கமான கதிர்வீச்சோ ஆட்டோகிளேவோ அதைச் சுலபத்தில் அசைப்பதில்லை. முடிந்த பொருளில் அது இருக்கிறதா என்று தேடிப் பிடிப்பதும் கஷ்டம். ஆகவே சோதனையின் திசையையே மாற்றினார்கள். தொற்றுப் பொருளை வேண்டுமென்றே மூலப்பொருளில் கலந்து, தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் அது எத்தனை மடங்கு குறைகிறது என்று அளப்பது. கடும் காரத்தில் ஊறல், பல மணி நேரச் சூடு என்று ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு படி பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கிறது, அடுத்தது அதையும் ஆயிரத்தில் ஒன்றாக்குகிறது என்று பெருக்கிக்கொண்டே போவார்கள். அதோடு மாடு எந்த நாட்டது, எந்த உறுப்பிலிருந்து எடுத்த எலும்பு என்பதற்கும் ஆவணம் வேண்டும். விலங்குத் திசு கொண்ட மருத்துவச் சாதனங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 22442 என்ற தர வரிசை 2007-இல் வந்தது.

இன்றைய கூடத்துக்குள்

உயிரிப் பொருத்தத்துக்கான ஐஎஸ்ஓ 10993 வரிசை 1992 முதல் பகுதி பகுதியாக வெளிவருகிறது. அதன்படி நடக்கும் முதல் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

தூளை எடுத்த எடுப்பில் செல்களின் மேல் கொட்டுவதில்லை. ஒரு மில்லிலிட்டர் வளர்ப்புத் திரவத்துக்கு 0.2 கிராம் என்ற கணக்கில் ஊறவைத்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு நாள் வைக்கிறார்கள். தூளிலிருந்து கசிய வேண்டியது எல்லாம் திரவத்தில் இறங்கிவிடும். மறுநாள் அந்தச் சாற்றை, 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் படர்ந்திருக்கும் எல்929 செல்களின் மேல் விடுகிறார்கள். 1940களில் ஒரு சுண்டெலியின் திசுவிலிருந்து எடுத்து, இன்று வரை உலகெங்கும் வளர்த்து வரும் செல் வரிசை அது. இன்னொரு நாள் பொறுத்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் மஞ்சளை ஊதா ஆக்கும். செத்த செல்லால் முடியாது. தூய திரவம் விட்ட குழிகள் அடர் ஊதாவாகவும், நஞ்சென்று தெரிந்தே ஒப்பீட்டுக்காக விட்ட பொருளின் குழிகள் வெளிறியும் இருக்கும். சோதனைப் பொருளின் குழிகள் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். ஒப்பீட்டில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அது செல்லுக்கு நஞ்சு.

விதி எளிது, அதைப் படிக்க அனுபவம் வேண்டும். நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் தூள், ஊறும்போதே திரவத்திலிருக்கும் கால்சியத்தையும் புரதத்தையும் தன் மேல் இழுத்துக்கொள்ளும். செல்கள் வாடுவது நஞ்சால் என்று தோன்றும், உண்மையில் பட்டினியால். விஞ்ஞானி லாரி ஹென்ச் 1969-இல் உருவாக்கிய பயோகிளாஸ் வகைக் கண்ணாடி, அசையாத திரவத்தில் காரத்தன்மையை ஏற்றிவிடும். தட்டில் செல்கள் தவிக்கும். ரத்தமும் திசு நீரும் ஓடிக்கொண்டே இருக்கும் உடம்பில் அதே பொருள் எலும்போடு நன்றாகவே ஒட்டுகிறது. நல்ல பொருளும் தட்டில் தோற்கலாம் என்பதை அறியாதவர் கையில் இந்தச் சோதனை வெறும் மதிப்பெண் பட்டியல்.

வேதியியல் பக்கம் இன்னும் கறாரானது. எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுக் கருவி, துகளின் படிக அமைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ராக்சி அபடைட் என்று எழுதிவிட்டு உள்ளே வேறு பாஸ்பேட்டைக் கலந்திருந்தால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். ஹைட்ராக்சி அபடைட்டில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 1.67, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5. அறுவைக்கான ஹைட்ராக்சி அபடைட்டுக்கு அமெரிக்கத் தர ஆவணம் விதிக்கும் வரம்பு, பத்து லட்சத்தில் ஆர்சனிக் 3 பங்கு, காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30. அன்றைக்குப் பிளாஸ்டரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க இப்படியொரு வரம்பு இருக்கவில்லை.

காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா மிச்சங்களைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் முயல்களின் ரத்தத்தில் சாற்றைச் செலுத்தி, உடல் சூடு ஏறுகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். 1970களிலிருந்து அந்த வேலையைக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த கரைசல் செய்தது. இப்போது நண்டையும் விட்டுவிட்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த மரபணுமாற்றப் புரதம் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

தூய்மைக் கணக்கும் மாறிவிட்டது. இருபது குப்பிகளைத் திறந்து கிருமி வளர்கிறதா என்று இரண்டு வாரம் பார்த்தால், அந்த இருபதைப் பற்றித்தான் தெரியும். திறந்த குப்பியை விற்கவும் முடியாது. ஆகவே பல பொருள்களுக்கு இன்றும் 25 கிலோகிரே என்ற காமாக் கதிர் அளவை வைத்து, பத்து லட்சம் குப்பியில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமி இருக்க வாய்ப்பில்லை என்று கணக்கால் நிறுவுகிறார்கள்.

வளருமா?

இவ்வளவும் "கெடுதல் செய்யுமா?" என்பதற்கான பதில்கள். "எலும்பு வளருமா?" என்ற பழைய கேள்விக்கு வரும்போது சோதனைக்கூடத்தின் குரல் கொஞ்சம் தணிகிறது.

1990 வாக்கில் ஜப்பானின் கியோட்டோவில் தடாஷி கொகுபோ, மனித ரத்த நீரின் உப்புக்களை ஒத்த ஒரு கரைசலைப் பிரபலப்படுத்தினார். பொருளை அதில் ஊறவைத்தால் மேலே எலும்பு போன்ற அபடைட் படலம் படிகிறதா என்று பார்க்கலாம். படிந்தால் உடம்பிலும் எலும்போடு ஒட்டும். மலிவு, மிருகம் வேண்டாம், சில வாரத்தில் முடிவு. உலகமெல்லாம் அதைச் செய்தது. ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஆனால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் இந்தக் கரைசலில் அநேகமாகத் தேறுவதில்லை. உயிருள்ள எலும்பிலோ நன்றாகவே ஒட்டுகிறது. இந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்று 2009-இல் வெளிப்படையாகவே விவாதம் எழுந்தது. வடிகட்ட உதவும், தீர்ப்பு வழங்க உதவாது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

மிருகச் சோதனைக்கும் அதே கதி. எலியின் மண்டையோட்டில் தானாக மூடாத 8 மில்லிமீட்டர் துளை 1980களிலிருந்து வழக்கமான அளவுகோல். ஆனால் எலியின் எலும்பு வளரும் வேகம் வேறு. மென்று தின்னும் அழுத்தம் படும் மனிதத் தாடை வேறு. புகை பிடிப்பவர், சர்க்கரை நோயாளியின் தாடை இன்னும் வேறு. 1959-இல் விஞ்ஞானிகள் ரசலும் பர்ச்சும் மிருகச் சோதனைக்கென முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகள் இன்று சட்டங்களிலும் ஏறியிருக்கின்றன. ஒரு மிருகத்தைப் பயன்படுத்தினால் அதிலிருந்து அதிகபட்சத் தகவலை எடுத்தாக வேண்டும்.

தகவலை எடுப்பதிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அன்று எலும்பை மெல்லியதாகச் சீவ வேண்டுமானால் முதலில் அமிலத்தில் போட்டுக் கால்சியத்தைக் கரைப்பார்கள். கூடவே ஒட்டுப்பொருளும் கரைந்துவிடும். நுண்ணோக்கியில் அது இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள்தான் தெரியும். எதைச் சோதிக்கிறோமோ அதையே காணோம். 1982-இல் ஜெர்மனியின் டோனாத், எலும்பையும் டைட்டானியத்தையும் பிசினில் உறையவைத்து வைரப் பட்டையால் அறுத்து, சில பத்து மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் துகளும் புது எலும்பும் திருகும் சேர்ந்தாற்போல் ஒரே கண்ணாடித் தகட்டில் தெரிந்தன. இப்போது மைக்ரோ சிடி ஸ்கேன் வெட்டாமலேயே முப்பரிமாணம் காட்டுகிறது. அதிலும் ஒரு வில்லங்கம்: மாட்டெலும்புத் துகளும் புது எலும்பும் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் துகளும் எலும்பாக எண்ணப்பட்டுவிடும். விளம்பரத்தில் வரும் "இத்தனை விழுக்காடு எலும்பு" என்ற எண்ணைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசிச் சாட்சி நோயாளியின் தாடையிலிருந்தே வருகிறது. பவுடர் வைத்து ஆறேழு மாதம் கழித்துத் திருகு போடத் துளையிடும்போது, குழல் போன்ற கருவியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் எலும்புக் குச்சி கிடைக்கும். எப்படியும் தோண்டி எறிய வேண்டிய பகுதிதான். ஆய்வுக்குச் சம்மதித்தவர்களிடம் எடுத்த இந்தக் குச்சிகளில் ஒரு பகுதி புது எலும்பு, ஒரு பகுதி கரையாத துகள், மீதி மஜ்ஜை. மாட்டெலும்புத் துகள் பத்து வருஷத்துக்கு மேலும் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். "சீக்கிரம் கரைந்து உங்கள் எலும்பாகவே மாறிவிடும்" என்று அதைப் பற்றிச் சொன்னவர்களை அந்தக் குச்சிகள் வாயடைக்க வைத்தன. துகள் கிடப்பதாலேயே திருகு நிற்காது என்றும் இல்லை. மேடு சரியாமல் இருப்பதற்கு அது உதவவும் செய்கிறது.

கருவிக்குத் தெரியாதது

வானொலிப் பேச்சாளர் அலிஸ்டர் குக் 2004-இல் தம் 95-ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தார். எலும்பு வரை பரவிய நுரையீரல் புற்றுநோய். அவருடைய எலும்புகளைக் குடும்பத்துக்குத் தெரியாமல் எடுத்து, 85 வயதில் மாரடைப்பில் இறந்தவர் என்று காகிதத்தைத் திருத்தி விற்றிருந்தார்கள். இறுதிச் சடங்கு நிலையங்களோடு கைகோத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களில் இதைச் செய்த கும்பலின் தலைவர், உரிமம் இழந்த ஒரு பல் அறுவை மருத்துவர். 2005-இல் விஷயம் வெடித்தது. அந்தத் திசுக்கள் திரும்பப் பெறப்பட்டன. 2008-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அந்த எலும்பை எந்தக் கருவியில் போட்டாலும் வயது 85 என்பது பொய் என்று அது சொல்லியிருக்காது.

2021-இல் இன்னொரு அடி. அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் எலும்பிலிருந்து, உயிருள்ள செல்களோடு தயாரான ஒட்டுப்பொருள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் முதுகெலும்பு அறுவையில், வைக்கப்பட்டது. பலருக்குக் காசநோய் தொற்றியது. 2023-இல் அதே போல மீண்டும் நடந்தது. செல் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் கதிர்வீச்சு கொடுக்க முடியாது. வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனை இரண்டு வாரம்தான். காசநோய்க் கிருமி வளர்ந்து தெரிய அதைவிட அதிக நாள் பிடிக்கும். சோதனைகளில் தேறித்தான் அந்தப் பொருள் வெளியே போனது. 2021-இல் தேட வேண்டியதைத் தேடும் சோதனை பட்டியலில் இருக்கவில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988-இல் திசு வங்கி தொடங்கியது. உலர்த்திய எலும்பைக் காமாக் கதிரால் தூய்மைப்படுத்தும் வழக்கம் அங்கிருந்து பரவியது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், இதய வால்வை உருவாக்கியதோடு நில்லாமல் எலும்புக்கான பீங்கான் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றைச் சர்வதேச முறையில் சோதிக்கும் கூடங்களையும் கட்டி எழுப்பியது. முட்டை ஓட்டிலிருந்து ஹைட்ராக்சி அபடைட் எடுக்கும் ஆய்வு சென்னை ஐஐடியில் நடந்திருக்கிறது.

சட்டம்தான் மெதுவாக வந்தது. வெகுகாலம் பெரும்பாலான மருத்துவச் சாதனங்கள் எந்த உரிமக் கட்டுப்பாட்டுக்குள்ளும் வராமல் விற்றன. மருத்துவச் சாதன விதிகள் 2017-இல் எழுதப்பட்டு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 2020 அறிவிக்கையில்தான் எல்லாச் சாதனங்களும் வலைக்குள் வந்தன. அமெரிக்காவே பல்லுக்கான எலும்பு ஒட்டுப்பொருள்களுக்கெனத் தனி வகைப்பாட்டை 2005-இல்தான் முடிவு செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் கணக்குப் பார்த்தால், இன்றைய நோயாளி தொற்றுக்கும் நஞ்சுக்கும் பயப்பட வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அது சோதனைக்கூடங்களின் சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் தாடையில், உங்கள் சர்க்கரை அளவோடு, உங்கள் மருத்துவரின் கைத்திறனில் எலும்பு வளருமா என்பதற்கு எந்தச் சான்றிதழும் முன்கூட்டிப் பதில் சொல்லாது. அந்தப் பதிலைச் சொல்வதாக யாராவது பிரசுரம் நீட்டினால் நம்பாதீர்கள்.

இம்பிளான்டுக்கு முன் எலும்புப் பவுடர் வைக்க வேண்டும் என்று சொன்னால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அது மாடா, பன்றியா, மனித எலும்பா, செயற்கையா? மத நம்பிக்கையோ உணவு நெறியோ உள்ளவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்தியாவில் உரிமம் பெற்ற பொருளா? மூன்றாவதாக, குப்பியோடு வரும் லாட் நம்பர் ஸ்டிக்கரில் ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பேட்சைத் திரும்பப் பெறுகிறார்கள் என்ற செய்தி வந்தால், அது உங்கள் வாய்க்குள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லப்போவது அந்த ஸ்டிக்கர் மட்டும்தான்.